வட்டிலப்பம் இல்லாத வட்டிலப்ப வாசனை

மருமகன் துபாயிலிருந்து விடுமுறையில் வந்திறங்கிய நாள்முதல் எங்கள் வீட்டில் வட்டிலப்பம், அதாவது தேங்காய்ப்பாலும் முட்டையும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் இனிப்பு, அவிகிற வாசனை வீசிக்கொண்டே இருந்தது. வட்டிலப்பம்தான் மேசைக்கு வரவில்லை. முதலில் அக்காமீது சந்தேகம் விழுந்தது. மகன் வந்த மகிழ்ச்சியில் அவனுக்கு மட்டும் ஒளித்து அவித்துக் கொடுக்கிறாள் என்று அத்தான் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். அக்காவோ பக்கத்து வீட்டு டீச்சரம்மாவைச் சந்தேகித்தாள். அந்த டீச்சரம்மா ஒரு மாலையில் சீனி இரவல் கேட்கும் சாக்கில் வந்து, எங்கள் அடுப்படியை ஒரு சுற்று நோட்டம் விட்டு, ஏமாற்றத்தை மறைக்கத் தெரியாத முகத்தோடு திரும்பிப் போனார். வாசனை இரு வீட்டுக்கும் பொதுவான கொல்லைப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

இலங்கை மலையகத்திலுள்ள எங்கள் டிக்கோயாவில் திருட்டுத்தனமாகப் புகைப்பவனுக்கு வானிலையே உடந்தை. மாலையில் மூட்டம் இறங்கிவிட்டால், கொல்லையில் நிற்கிற மனிதனின் வாயிலிருந்து புறப்படுவது புகையா, பனியா, பெருமூச்சா என்று ஒருவராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அத்தான் தமது பீடிக் காலம் முழுவதையும் இந்த ஏற்பாட்டின் நிழலிலேயே கௌரவமாகக் கழித்தார். மருமகனும் வேப் எனப்படும் தன் மின்சிகரெட்டை அப்படியே ஊதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவன் ஊதியது கஸ்டர்ட் மணம் சேர்த்த திரவம். மூட்டம் கண்ணை மறைக்குமே ஒழிய மூக்கை மறைக்காது. அதற்கும் மேலாக, கடந்த வாரம் அந்த வாசனை திடீரென்று தீய்ந்த வாசனையாக மாறியது. கூடவே, நீர்த்தேக்கத்துக்கு அக்கரையிலும் கேட்டிருக்கக்கூடிய ஓர் இருமல். நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, பயல் கையில் அந்தக் கருவியைப் பிடித்தபடி கண்ணில் நீர் வழிய நின்றுகொண்டிருந்தான்.

பிடிபட்டுவிட்டோமே என்ற கூச்சம் அவன் முகத்தில் மருந்துக்கும் இல்லை. "கொயில் போச்சு மாமா" என்றான், வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டதைச் சொல்கிற குரலில்.

அந்த மாலை முழுவதும் எங்கள் குடும்பம் கொயில் என்கிற அந்த ஒரு கம்பிச் சுருளைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. சுண்டுவிரல் நகத்தளவுகூட இராத சுருள் அது. இரும்பும் குரோமியமும் அலுமினியமும் கலந்த கந்தால் என்னும் கம்பியால் ஆனது. அதன் நடுவே பஞ்சைச் செருகி, பஞ்சின் இரு முனைகளையும் கீழேயுள்ள திரவத்தில் தோயவிட்டிருக்கிறார்கள். பஞ்சு உறிஞ்சிக் கொடுக்க, கம்பி சூடேறி ஆவியாக்க, ஆவியை மருமகன் உள்ளே இழுக்க வேண்டும். இதை அவன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுருளை வாங்கி மின்குமிழின் அடியில் பிடித்துப் பார்த்தாள். கம்பியின் பளபளப்பு எங்கும் தெரியவில்லை. ஒவ்வொரு சுற்றின் இடுக்கிலும் கருமையான, மினுங்குகிற பிசின் இறுகிப்போயிருந்தது. பஞ்சின் நடுப்பாகம் கரிந்து, தொட்டால் உதிர்ந்தது.

"அடிப்பிடிச்ச பாயாசச் சட்டி கணக்கா இருக்கேடா" என்றாள்.

அம்மா அறியாமல் சொன்னாலும் சொன்னது அறிவியல். திரவத்தில் பெரும்பகுதி கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்கோலும்தான். புரொப்பிலீன் கிளைக்கோல் 188 பாகை செல்சியசிலும் கிளிசரின் 290 பாகையிலும் கொதிப்பவை. இரண்டும் ஆவியாகிப் போய்விடும். போகாமல் சட்டமாக உட்கார்ந்துவிடுவது இனிப்பு. சீனியைவிட ஏறத்தாழ 600 மடங்கு தித்திக்கும் சுக்ரலோஸை இந்தக் கஸ்டர்ட் வகைகளில் சேர்க்கிறார்கள். அதற்கு ஆவியாகிப் போகத் தெரியாது. ஏறத்தாழ 120 பாகையிலேயே சிதையத் தொடங்கி, கருகி, கம்பியின்மேல் பூசிக்கொள்ளத்தான் தெரியும். பூச்சு தடிக்கத் தடிக்கக் கம்பியின் சூடு திரவத்தைச் சேராது. ஆவி குறைகிறதே என்று ஊதுகிறவன் கருவியின் வோட்ஸை, அதாவது மின்வலுவைக் கூட்டுவான். கூட்டக் கூட்டப் பூச்சு இன்னும் தடிக்கும். கடைசியில் பஞ்சே தீய்ந்து தொண்டையைப் பிடிக்கும். இத்தனையும் மருமகனுக்கு மனப்பாடமாகத் தெரியும். இனிப்புக் குறைந்த திரவத்தை ஊற்றினால் கொயில் நீண்ட நாள் உழைக்கும் என்பதும் தெரியும். பிறகு ஏனப்பா கஸ்டர்ட் என்று கேட்டால், "அதுதானே மாமா நல்லா இருக்கு" என்கிறான்.

பழி முழுவதையும் கஸ்டர்டின் தலையில் கட்டுவதும் நியாயமன்று. குளிருக்கும் அதில் பங்கு உண்டு. 70 பங்கு கிளிசரினும் 30 பங்கு கிளைக்கோலும் கலந்த அவனுடைய திரவம் துபாய் வெயிலில் நீராய் ஓடியிருக்கும். ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள எங்கள் ஊரின் விடியற்காலையில் அது கெட்டிப்பட்டு, பஞ்சில் ஏற மனமில்லாமல் கீழேயே கிடக்கிறது. இவனோ குளிர் தாங்காமல் ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடையில் மூச்சுவிடக்கூட நேரம் கொடுப்பதில்லை. பஞ்சு மறுபடியும் நனைவதற்குள் அடுத்த இழுப்பு விழுந்தால், காய்ந்த பஞ்சு கரியாமல் வேறென்ன செய்யும்?

இந்தக் கெட்டிப்படும் சிக்கலுக்கு எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நிறுவப்பட்ட நடைமுறை உண்டு. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், எங்கள் பக்கத்தில் தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தலின் நிரந்தர முகவரி விறகடுப்பின் ஓரம்தான். அம்மா பேரனின் திரவக் குப்பியையும் அதன் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் காலையில் அக்கா அரைத் தூக்கத்தில் கையை நீட்டித் தலைக்குத் தேய்த்துக்கொள்ளப் போனது தேங்காயெண்ணெயையா, கஸ்டர்டையா என்று மருமகன் பாய்ந்து பார்த்த பாய்ச்சல் இருக்கிறதே, பாடசாலைக் காலத்தில் அவன் நீளம் பாய்தலில் காட்டியிருந்தால் மாகாண மட்டத்துக்குப் போயிருப்பான். நிகொட்டின் கலந்ததைத் தோலில் பட விடக்கூடாது என்று அவன் அலற, அதைத்தானேடா நீ வாயாலே இழுக்கிறாய் என்று அக்கா அலற, குப்பி அன்றே அலுமாரியின் உச்சித் தட்டுக்குப் போயிற்று. அங்கே அது மறுபடியும் கெட்டிப்பட்டது.

அம்மாவுக்குத் திரி விடயத்தில் ஒரு வாழ்நாளின் தேர்ச்சி இருக்கிறது. குப்பி விளக்கில் தொடங்கியவள். 2022இல் எரிவாயு இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, பரணில் கிடந்த மண்ணெண்ணெய்த் திரி அடுப்பை இறக்கித் துடைத்து எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டவள். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாயானதற்கு அவள் இன்றுவரை எந்த அரசாங்கத்தையும் மன்னிக்கவில்லை. எண்ணெய் அடிமட்டம் வரை வற்ற விடக்கூடாது; எண்ணெய் இருக்கிறவரை அதுதான் எரியும், வற்றினால் திரி எரியும்; எரிந்த நுனி இறுகிவிட்டால் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் மேலே ஏறாது; கரி பிடித்த நுனியை நேராக வெட்டிவிட வேண்டும்; திரியை அளவுக்கு மேல் தூக்கி வைத்தால் சுவாலை பெரிதாகும், சட்டியும் கறுக்கும். இவையெல்லாம் அவள் அடுப்பைப் பற்றிச் சொன்னவை. வேப் தயாரிப்பவர்கள் பெட்டிக்குள் வைத்து அனுப்பும் துண்டுக் காகிதத்திலும் இவற்றைத் தவிரப் பெரிதாக எதுவும் எழுதியிருக்காது. மருமகன் தன் கருவியில் திரவம் எந்த அளவில் இருந்தது என்று குனிந்து பார்த்துவிட்டு, மறுபேச்சுப் பேசவில்லை.

பரிகாரத்தில்தான் எங்கள் குடும்ப அமைதி குலைந்தது. பஞ்சை அகற்றிய வெறும் சுருளைத் தெளிந்த மதுசாரத்தில் ஊறவைத்தால் பிசின் இளகும் என்று மருமகன் கூறினான். வொட்கா இருந்தாலும் போதுமாம். இந்த ஊரில் வொட்காவுக்கு எங்கே போவது என்று நான் கேட்டேன். நான் கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்துவைக்க விரும்புகிறேன்.

"ஏன், சாராயம் சரிவராதா?" என்று அக்கா சாதாரணமாகக் கேட்டாள்.

சிவனொளிபாதமலைக்கு ஏறி வந்த அன்றோடு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று ஊரறிய அறிவித்த அத்தான், சன்னலுக்கு வெளியே இருட்டில் எதையோ மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சுருளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "லீக்ஸ் பாத்திக்குப் போடுற உர மூட்டையில ஒரு போத்தல் இருக்கே, அத எடுத்துக் குடு."

அதற்குப் பிறகு நிகழ்ந்த உரையாடலை எழுத்தில் தர இயலாது. போத்தல் வந்தது. மருமகன் அதை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தான். இது பழுப்பு நிறமாக இருக்கிறது, இதுவே கம்பியில் படிந்தாலும் படியும், தெளிந்ததுதான் வேண்டும், ஆகவே சரிவராது என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டான். அத்தான் அவனைப் பார்த்த பார்வையைப் பெற்ற மகனைப் பார்க்கும் பார்வை என்று சொல்வதற்கில்லை. இரகசியமும் போய், அது ஒரு சொட்டுக்கூடப் பயன்படாமலும் போய்விட்டது.

கடைசியில் கொதிநீரும் நெருப்புமே கைகொடுத்தன. பஞ்சு இல்லாத சுருளுக்குக் குறைந்த வோட்ஸில் விட்டுவிட்டு மின்சாரம் கொடுத்தான். பிசின் புகைந்து, பொருக்கு வெடித்து, சுருள் நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் மெல்லச் சிவந்து வந்தது. ஆறவிட்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்து, வெந்நீரில் அலசி, மறுபடியும் அப்படியே செய்தான். கடையில் பஞ்சோடு சேர்த்து மூடி விற்கிற கொயிலில் இந்த வித்தை செல்லாது. உள்ளேயிருக்கிற பஞ்சு பற்றிக்கொள்ளும். இது பிரித்துக் கட்டுகிற வகை என்பதால் பிழைத்தது. புதுப் பஞ்சை அவன் திணித்தபோதுதான் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "இப்புடி அமுக்குனா எப்புடிடா மேல ஏறும்?" என்று பிடுங்கி, மேல் படலம் ஒன்றை மெல்லியதாய் உரித்தெடுத்துவிட்டு, நுனிகளைக் கோதிவிட்டு, சுருளுக்குள் தளர்வாக, ஆனால் இடைவெளியின்றி இழுத்துக் கொடுத்தாள். "இந்தப் பாழாப்போனத விட்டுத் தொலையேன் ராசா" என்று திட்டிக்கொண்டேதான் செய்தாள். நடுங்குகிற அந்த விரல்கள் பஞ்சைத் தொட்டதும் நடுக்கத்தை மறந்துவிட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பஞ்சில் சொட்டுச் சொட்டாகத் திரவத்தை விட்டு, அது முழுவதும் ஊறும்வரை பேரனைப் பொத்தானில் கைவைக்க விடவில்லை. அதற்குப் பிறகு இருமல் இல்லை.

ஊறுவதை விரைவுபடுத்தக் கொஞ்சம் நல்லெண்ணெய் விடலாமே என்று அவள் யோசனை சொன்னபோது மட்டும் பயல் பதறிவிட்டான். எண்ணெய் எதுவானாலும் நுரையீரலுக்குள் போகக்கூடாது, 2019இல் அமெரிக்காவில் விற்றமின் ஈ அசற்றேற் கலந்த திரவங்களை இழுத்துப் பலர் செத்தே போனார்கள் என்று விளக்கினான். நுரையீரலைப் பற்றி அவனுக்கு இவ்வளவு அக்கறை இருப்பதை அக்கா அன்றுதான் அறிந்தாள்.

இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று அத்தான் கசப்போடு கேட்டார். 2003இல் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர் சிகரெட்டுக்கு மாற்றாக உருவாக்கினார், அந்த முதல் கருவியில் சூடேறும் கம்பியே இல்லை, மீயொலி அதிர்வால்தான் திரவத்தைச் சிதறடித்தது என்று மருமகன் ஒப்பித்தான். "அப்ப அந்த ஆளுக்கு கரியே புடிச்சிருக்காது" என்றாள் அம்மா. பிறகு ஏன் கம்பிக்கு மாறினார்கள் என்பதற்கு ஒருவரும் அவளுக்கு நிறைவான பதில் சொல்லவில்லை. சுருட்டு ஏற்றுக்கொள்கிற முனியாண்டி இதை ஏற்றுக்கொள்வாரா என்று அடுத்துக் கேட்டாள். சாமிக்குக் கஸ்டர்ட் ஒத்துவராது என்று அவளே முடிவும் செய்துவிட்டாள்.

மருமகன் போய்விட்டான். போகும்போது அம்மாவைக் கொண்டு தேவைக்கு மேலாகவே பஞ்சுத் திரி உரித்து வாங்கிக்கொண்டு போனான்; திரவத்தைக் கஸ்டர்டிலிருந்து இனிப்பில்லாத புதினாவுக்கு மாற்றுவதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறான். டீச்சரம்மா இன்னும் வட்டிலப்பத்தை எங்கே ஒளித்தோம் என்ற ஐயத்தோடுதான் சிரிக்கிறார். உர மூட்டைப் போத்தலைத் தோட்டத்து முனியாண்டி கோயில் பூசைக்குக் கொடுத்துவிடுவதாக அக்கா நேர்ந்து, தன் சேலை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பூசைக்குப் பிறகு படையலைப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம் என்பதால், கோயில் பக்கமே எட்டிப் பாராத அத்தான் இப்போது பூசை எந்தக் கிழமை என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். படையல் தட்டைத் தாமே சுமந்து வருவதாகவும் சொல்லியிருக்கிறார்.