பட்டிக் காவல்: ஜூன் குறிப்புகள்

ஜூன் 13
தோட்டத்தின் கீழ் டிவிசனில் நேற்று இரவு இரண்டு மாடு களவு. தலையும் தோலும் வடிகால் கானுக்குள் கிடந்ததாம். ஒன்று சினை.

ஜூன் 14
கேட்டைத்தான் முதலில் பார்க்கவேண்டும். எவ்வளவு பெரிய ஆமைப்பூட்டுப் போட்டாலும், பிணைச்சல் பக்கம் தூக்கிக் கழற்ற முடிந்தால் பூட்டு இருந்தும் இல்லாததுதான். இந்தப் பக்கத்துக் கேட்டுகளில் மேல் கொக்கி, கீழ்க் கொக்கி இரண்டும் ஆகாசத்தைப் பார்த்தபடி இருக்கும். இரண்டு பேர் அடியில் கை கொடுத்துத் தூக்கினால் கேட்டு கையோடு வந்துவிடும். மேல் கொக்கியை மட்டும் கழற்றி, முனை கீழே பார்க்கத் திருப்பி மாட்டினால் போதும், பிறகு அசையாது. நட்டு வெளியே தெரிந்தால் ஸ்பேனரோடு வருவான். போல்ட் நுனி மரையைச் சுத்தியலால் நசுக்கிவிட வேண்டும்.

சங்கிலி 10 மில்லிமீற்றர், பதப்படுத்திய இரும்பு. ஹார்ட்வெயாரில் மீற்றர் கணக்கில் வெட்டித் தரும் சங்கிலி வேண்டவே வேண்டாம். கடைக்காரர் எந்தக் கட்டரால் வெட்டித் தருகிறாரோ, திருடன் கையிலும் அதே கட்டர்தான். பிணைச்சல் பக்கமும் ஒரு சங்கிலி, ஒரு பூட்டு. பூட்டு உள்பக்கம், சாவித்துவாரம் கீழே பார்க்கத் தொங்கவேண்டும். இல்லாவிட்டால் நுவரெலியா மழைக்கு உள்ளே துருவேறி, அவசரத்துக்கு நமக்கே திறக்காது.

ஜூன் 15
விடாத மழை. சோலார் பனலில் சார்ஜ் ஏறவில்லை. சினைமாடு கறுப்பிக்கு மடி இறங்கியிருக்கிறது.

ஜூன் 16
கேட்டைப் பற்றி எவ்வளவு யோசித்தாலும், கேட்டு வழியாக வராதவனை என்ன செய்வது? இரண்டு கட்டைக்கு நடுவே முள்ளுக்கம்பியை வெட்டிவிட்டு நடத்திக்கொண்டு போவது ஐந்து நிமிச வேலை. கண்டிப் பக்கம் என்றால் கிளிரிசிடியா வேலி நெருக்கமாகப் போடலாம். 1,800 மீற்றர் உயரத்துக்கு மேல் அது சரியாக எழும்பாது. இங்கே சைப்பிரஸ் வரிசைதான், அதுவும் வளர வருசங்கள் ஆகும். அதுவரைக்கும் ரோட்டுப் பக்கம் மூன்று அடி ஆழத்துக்குக் கானு. மாடு கானைத் தாண்டத் தயங்கும், லொறிக்குப் பலகை போட்டுத்தான் ஏற்றவேண்டி வரும். திருடனுக்கு இல்லாதது நேரம்தான், அதைத்தான் தின்னவேண்டும்.

குதிரைகளுக்கு முள்ளுக்கம்பி கூடாது. மிரண்டால் காலைக் கிழித்துக்கொள்ளும். அவற்றுக்கு மின்வேலி நாடா, 4,000 வோல்ட்டுக்குக் குறையாமல். நிலக்கம்பி ஒன்று நட்டால் போதாது, மூன்று நடவேண்டும், ஒன்றுக்கொன்று மூன்று மீற்றர் தள்ளி. அடி வாங்கிப் பழகிய குதிரை, நாடாவை அறுத்துப் போட்டாலும் அந்தக் கோட்டைத் தாண்டச் சண்டித்தனம் பண்ணும். இழுத்துப் போக வந்தவன் அங்கேதான் மாட்டுவான்.

புண்ணாக்குத் தொட்டியும் தண்ணித் தொட்டியும் கேட்டடியில் இருப்பதை மாற்றவேண்டும். தீனி எங்கேயோ அங்கேதான் கூட்டம் நிற்கும். டவுனில் வாவிக் கரையில் சுற்றுலாக்காரர் பாண் நீட்டிப் பழக்கிய குதிரைகள் யார் கூப்பிட்டாலும் போகின்றன. தொட்டி வீட்டுப் பக்கம், ரோட்டுக்கு ஆகத் தூரத்தில்.

தலைக்கயிற்றைக் குதிரையில் விட்டுவைக்காதே. கேட்டில் கயிறு தொங்கவிடாதே. இதை எல்லோருக்கும் சொல்லியாயிற்று, நாளைக்கும் சொல்லவேண்டி இருக்கும்.

ஜூன் 17
மூக்கு ரேகை எடுக்கும் நாள். மனிதக் கைரேகை மாதிரியே, ஒரு மாட்டின் மூக்கு இன்னொன்றோடு ஒத்துவராது. தலையை இறுகக் கட்டி, பழந்துணியால் மூக்கை ஒற்றவேண்டும். தேய்த்தால் இன்னும் வியர்க்கும். துடைத்த கையோடு மணிமணியாகத் தண்ணீர் பூக்கிறது, அது பூக்குமுன் ஸ்டாம்ப் மையைத் தொட்டு வைத்து, சின்னப் பலகையில் சுற்றிய தாளை உதட்டுப் பக்கமிருந்து மேல்நோக்கி உருட்டவேண்டும். முதல் தாள் எப்போதும் சேறாகத்தான் வரும். மூன்றாவது, நான்காவதில் வரிகள் பிரிந்து தெரியும். மை கூடினால் வரிகள் ஒட்டிப்போகும், அதுதான் அடிக்கடி நடப்பது.

பிரீசியன் மாட்டுக்கு இரண்டு விலாவையும் படம் எடுத்துவைத்தால் வெள்ளைத் திட்டே சாட்சி. ஜெர்சிக்கு அது இல்லை, ரேகைதான். குதிரைக்குச் சுழி. பெரியவர்கள் ராசிக்குப் பார்த்தது. அடையாளத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று படம் வரைந்து குறிக்கவேண்டும். சாயம் அடித்தாலும் சுழி திரும்பாது. மைக்ரோசிப் போட்டால் கழுத்தின் இடப்பக்கம், பிடரிக்குக் கீழே; 15 இலக்கம். அந்த இலக்கத்தை வீட்டில் இரண்டு இடத்தில் எழுதிவைக்க வேண்டும்.

ஜூன் 18
"மாடு குடுக்கிறதா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டு ஒரு டிமோ பட்டா, சின்ன லொறி. நம்பர் எழுதியாயிற்று.

ஜூன் 20
மேல் லயத்தில் பேச்சு: வேலிக்கு வீட்டுக் கரண்டைக் கொடுக்கலாமாம், கம்பியில் கால் பட்டால் வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்கலாமாம். ஐயோ, யாருக்கு வைக்கிறார்கள்? விடிய மலைக்குப் போகிற பிள்ளை அதில் கால் வைக்கும். மின்வேலிப் பெட்டி நொடிக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிற்கும், பிடித்தவர் கையை எடுக்க நேரம் கிடைக்கும். வீட்டுக் கரண்ட் விடாமல் பிடித்துக்கொள்ளும். சுருக்குக் கம்பியும் வேண்டாம், அதில் திருடன் மாட்டமாட்டான். சிறுத்தைதான் மாட்டி வயிறு அறுந்து சாகும். இதைச் சொன்னால் "நீங்க மாட்டைப் பார்க்கிறீங்களா, புலியைப் பார்க்கிறீங்களா" என்கிறார்கள். இரண்டையும்தான்.

ஜூன் 21
கமராவில் இரவு முழுக்க வெள்ளை. மூடுபனி. கண்ணுக்குத் தெரியாத சிவப்பு விளக்கு லென்ஸைச் சுற்றியே இருப்பதால், பனித்துளியில் பட்டுத் திரும்பி லென்ஸுக்கே வருகிறது. கமராவில் உள்ள விளக்கை நிறுத்திவிட்டு, தனி விளக்கை நாலைந்து மீற்றர் தள்ளிப் பக்கவாட்டில் கட்டவேண்டும். அப்படியும் அடர்ந்த பனியில் பத்து அடிக்கு மேல் நம்பாதே. பனி இரவுக்குக் காதுதான். நாய் இரண்டு, ஒன்று கட்டி, ஒன்று அவிழ்த்து. பெரிய வாத்து நாயைவிட நல்லது, திருடன் வீசும் இறைச்சிக்கு மயங்காது.

கழுத்து மணிக்குள் புல்லை அடைத்தால் சத்தம் செத்துப்போகும். சலங்கைக்குள் அடைக்க வழியில்லை. ஆனால் சங்கிலியில் கட்டாதே, கட்டையில் மாட்டினால் கழுத்து இறுகும், தோல்வாரில் கட்டு.

ஜூன் 22
கறுப்பி இன்னும் ஈனவில்லை. புதருக்குள் ஒதுங்கப் பார்க்கிறது. விடக்கூடாது.

ஜூன் 23
மாட்டுச் சீட்டுகளை, அதாவது உரிமைப் பதிவுச் சீட்டுகளை, எடுத்துப் பார்த்தது. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் குறி சுடுவதையும் பதிவையும் வைத்திருக்கிறது. ஆனால் வாங்கும்போது சீட்டைப் பெயர் மாற்றாமல் விட்டவர்கள் நிறைய. பொலிஸில் மாடு கண்முன்னே நின்றாலும் சீட்டில் பழைய ஆளின் பெயர் இருந்தால் எப்படி எடுப்பது? காதுத்தகட்டை மட்டும் நம்பக்கூடாது, காதோடு அறுத்துவிடுகிறார்கள். தகட்டு இலக்கம், ரேகை, படம், சீட்டு நான்கும் ஒரே பைலில், ஒரு பிரதி போனில்.

ஜூன் 25
அமாவாசை. தூக்கமில்லை.

மாடு களவு போனால் என்ன செய்வது என்பதையும் எழுதிவைப்போம். 119, பிறகு பக்கத்துப் பொலிஸ். அதோடு நிற்காதே. நுவரெலியாவை விட்டு லொறி இறங்கும் பெரிய ரோடுகளை விரலில் எண்ணிவிடலாம்: ரம்பொட வழியாகக் கம்பளைக்கு, நானுஓயா வழியாக ஹட்டனுக்கு, ஹக்கல வழியாக வெலிமடைக்கு, கந்தப்பொல வழியாக இராகலைக்கு. பாரம் ஏற்றிய வண்டி அந்த வளைவுகளில் ஊர்ந்துதான் போகும். ஒவ்வொரு ரோட்டிலும் விடிய எழும்பும் ஒருவரின் நம்பர் வேண்டும். பால் சேர்க்கும் இடத்தில் இருப்பவர்கள், பேக்கரிக்காரர். வட்ஸ்அப்பில் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை, குரல் கொடுத்து எழுப்பவேண்டும். அதே நேரம் இரண்டு பேர் பட்டியைச் சுற்றி நடந்து போகக்கூடிய கானுகளைப் பார்க்கவேண்டும். கயிறோ கத்தியோ கிடந்தால் தொடாதே.

ஜூன் 26
பட்டா மறுபடி. வேறு நம்பர் பிளேட், ஆனால் பின்கதவில் அதே பள்ளம். ரோட்டுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியாயிற்று, பொலிஸிலும்.

கறுப்பிக்கு வால்மூட்டு இரண்டு பக்கமும் தளர்ந்து குழிந்துவிட்டது. இன்றிரவோ நாளையோ. கன்றுக்குப் படமும் ரேகையும் முதல் வாரத்திலேயே. மின்வேலிப் பற்றரி 11.8 காட்டுகிறது, 12.5க்குக் குறையக்கூடாது. இருட்டுமுன் கழற்றி வீட்டில் சார்ஜில் போட்டு, மற்றதை மாட்டவேண்டும்.