தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்தபோது நடந்தவை

தம்பிக்கு டயாலிசிஸ் தொடங்கியதுமே "நான் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சென்னையில் நாங்கள் போன மருத்துவமனையோ, என்னை மறுக்க ஒரு காரணம் கிடைக்குமா என்று மாதக்கணக்கில் தேடியது. அப்போது எரிச்சல் வந்தது. இன்று யாராவது கேட்டால், அப்படித் தேடுகிற இடத்தில் மட்டும் கொடுங்கள் என்பேன்.

ரத்த வகையில் சிக்கல் இல்லை. நான் ஓ, அவன் பி. அப்புறம் திசுப் பொருத்தம். உடன்பிறந்தவர்களுக்கு முழுதாகப் பொருந்தும் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தோம். அதற்கான வாய்ப்பு நாலில் ஒன்றுதானாம். எங்களுக்குப் பாதி பொருந்தியது, அது போதும் என்றார் டாக்டர். அவர் கவலையெல்லாம் கிராஸ் மேட்ச் பற்றித்தான். என் வெள்ளணுக்களை அவனுடைய சீரத்தோடு, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியோடு, கலந்து பார்க்கிறார்கள். தம்பிக்கு முன்பு ரத்தம் ஏற்றியிருந்ததால், பிறர் திசுவை எதிர்க்கும் பொருள்கள் அவன் உடம்பில் உருவாகியிருக்கலாம். இருந்தால் புதுச் சிறுநீரகத்தை உடனே தாக்கிவிடும். நெகட்டிவ், அதாவது அப்படி எதிர்ப்பு இல்லை, என்று வந்த பிறகுதான் அம்மா சரியாகச் சாப்பிட்டாள்.

எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். இரண்டு சிறுநீரகமும் தனித்தனியாக எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஸ்கேனில் அளந்தார்கள். நன்றாக இயங்குவது கொடுப்பவருக்கே என்பது விதி. எனக்கு இரண்டும் சமம் என்பதால், சிரை (ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்) நீளமாக இருக்கும் இடதுபக்கத்தை எடுத்தார்கள்.

1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி அக்கா நெருங்கிய உறவு. ஆனாலும் என்னைத் தனியாக உட்காரவைத்து, யாராவது வற்புறுத்தினார்களா, பணம் பேசினார்களா என்று கேட்டார்கள். கணவர் வெளியே காத்திருந்தார். "கடைசி நிமிஷம்கூட நீங்க வேண்டாம்னு சொல்லலாம். வீட்டுல பொருந்தலைன்னு நாங்க சொல்லிக்கிறோம்" என்றார் அந்த டாக்டர் அம்மா. வேண்டாம் என்று சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் வாய் திறக்க முடியாத எத்தனை மருமகள்களை, தங்கைகளை அந்த ஒரு வாக்கியம் காப்பாற்றும்!

தம்பியின் பழைய சிறுநீரகங்களை எடுக்கவில்லை. என்னுடையதை அடிவயிற்றில் வலப்பக்கம் பொருத்தினார்கள். அறுவை மேசையிலேயே சிறுநீர் வரத் தொடங்கியதாம். புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை அவன் ஆயுளுக்கும் நேரம் தவறாமல் போட வேண்டும்.

என்னிடம் மிஞ்சியது கொஞ்சம் பெருத்து, கூடுதல் வேலையை ஏற்றுக்கொண்டது. சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் முன்பைவிடச் சற்று ஏறித்தான் நிற்கிறது, அது எதிர்பார்த்ததே. வருஷாவருஷம் அதையும், ரத்த அழுத்தத்தையும், சிறுநீர்ப் புரதத்தையும் பார்த்துவிடுகிறேன். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தொடுவதில்லை. வலி என்றால் பாராசிட்டமால்தான்.