டாக்ஸி ஜன்னலுக்கு வெளியே ஒரு முகமூடி

பழைய ஐரோப்பியப் படங்கள் பார்க்கும்போது மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்வது இரண்டு வருஷமாக என் வழக்கம். படத்துக்கு மூன்று கட்டம் போடுவேன். பெயருள்ள பெண்கள் இரண்டு பேராவது உண்டா? அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா? பேச்சு ஆணைத் தவிர வேறெதையாவது பற்றியதா? 1985இல் அலிசன் பெக்டெல் வரைந்த ஒரு சித்திரக்கதையிலிருந்து வந்த அளவுகோல் இது; 'பெயருள்ள' என்பது மட்டும் பிறகு சேர்ந்தது.

அக்னஸ் வார்தாவின் 'க்ளியோ 5 முதல் 7 வரை' (1962) மூன்றிலும் தேறியது. புற்றுநோயோ என்ற பயத்தில் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் பாரிஸ் பாடகி ஒருத்தியின் ஒன்றரை மணி நேரம்தான் கதை. முதல் பாதியில் எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். அவளும் கண்ணாடி கண்ட இடத்தில் எல்லாம் தன்னையே பார்த்துக்கொள்கிறாள். கூடவே இருக்கும் ஆஞ்செல், செவ்வாய்க்கிழமை புதுசு போடக் கூடாது என்று தொப்பியை எடுத்துவைக்கச் சொல்கிறாள். (அங்கேயும் செவ்வாய்!) பிறகு ஒரு பாட்டு. பாடி முடித்ததும் க்ளியோ சவுரியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கறுப்பு உடையில் தனியாகத் தெருவில் இறங்குகிறாள். அதன்பின் பார்ப்பவள் அவள். தன்னை மறந்து மற்றவர் முகங்களைப் பார்க்கத் தொடங்குகிறாள். இவ்வளவு பெரிய மாற்றத்தை வசனத்தால் விளக்காமல் செய்துகாட்டிய வார்தாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

கூட உட்கார்ந்து பார்த்த என் தங்கை கேட்டாள்: "அக்கா, அந்த டாக்ஸி ஓட்டுறவங்க பேர் என்ன?"

ரீவைண்ட் செய்தேன். ஓட்டுநரும் ஒரு பெண்தான். ராத்திரியில் ஓட்ட பயமில்லையா என்று ஆஞ்செல் கேட்க, அலட்டிக்கொள்ளாமல் பதில் சொல்கிறார். பெயர் இல்லை. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் ஜன்னலுக்கு வெளியே கண் போனது. ஒரு கடையில் ஆப்பிரிக்க முகமூடிகள். க்ளியோ அதைப் பார்த்து மிரள்கிறாள், வண்டி நகர்ந்துவிடுகிறது. ரேடியோவில் அல்ஜீரியப் போர்ச் செய்தி ஓடுகிறது. அந்தப் போருக்குத் திரும்பப் போகிற பிரெஞ்சுச் சிப்பாய்க்குப் பெயரும் நீண்ட உரையாடலும் உண்டு. அல்ஜீரியர் ஒருவருக்கும் கிடையாது. படம் வந்த அதே 1962இல்தான் அல்ஜீரியா பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்றது.

அந்த முகமூடி என்னை விடவில்லை. அடுத்த வாரம் உஸ்மான் செம்பேனின் 'கறுப்புப் பெண்' (1966) பார்த்தோம். இதை ஐரோப்பியப் படம் என்று சொல்லிவிட முடியாது, எடுத்தவர் செனகல்காரர். ஆனால் கதையின் பெரும்பகுதி பிரான்ஸின் ஆண்டிப் நகரத்து அடுக்ககம் ஒன்றுக்குள் நடக்கிறது. செனகல் தலைநகர் டாக்கரில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட தியுவானாவை அவர்கள் பிரான்சுக்கு வரவழைத்து, சமையலும் துடைப்பும் அவள் தலையில் கட்டுகிறார்கள். அவள் முன்பு அவர்களுக்கு ஆசையாய்க் கொடுத்த முகமூடி அங்கே வெள்ளைச் சுவரில் தொங்குகிறது.

அவள் முதலாளிகளிடம் வாய்திறந்து சொல்வதெல்லாம் பெரும்பாலும் 'சரி ஐயா', 'சரி அம்மா'தான். மனதுக்குள் மட்டும் விடாமல் பேசுகிறாள். திரையில் இருப்பவர் எம்பிஸ்ஸின் தெரேஸ் டியோப்; ஒலிக்கும் குரல் ஹெய்ட்டியைச் சேர்ந்த டோட்டோ பிஸ்ஸாந்தினுடையது. அந்த வீட்டில் பேசும் பெண்கள் இருவர் இருந்தும், அவர்களுக்கு இடையே நடப்பதை உரையாடல் என்று என்னால் எழுத முடியவில்லை. ஒருத்தி ஏவுகிறாள், இன்னொருத்தி கேட்கிறாள். இரண்டாம் கட்டத்தில் சரி போடுவதா, தப்புப் போடுவதா? பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் டாக்கரில், அந்த முகமூடியை அணிந்த சிறுவன் முதலாளியின் பின்னாலேயே நடக்கிறான். முதலாளி திரும்பித் திரும்பிப் பார்த்து வேகமாகப் போகிறார். க்ளியோ மிரண்ட அதே மிரட்சி. இங்கே வண்டி நகர்ந்து காப்பாற்றவில்லை.

க்ளியோ பக்கத்தைத் திருப்பி, ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: 'டாக்ஸி ஓட்டும் அம்மா. பெயர் தரவில்லை. ஜன்னலுக்கு வெளியே யார்?'