‘தவறிவிட்டது’ என்று எழுதச் சொன்னார்கள்: போன் பறிபோன பிறகு எஃப்.ஐ.ஆர். வாங்கிய கதை

2024 ஆகஸ்ட் முதல் வாரம், இரவு எட்டேகால் மணி. பஸ்ஸை விட்டு இறங்கி, அம்மாவிடம் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பின் சீட்டில் இருந்தவன் போனை இழுத்துக்கொண்டான். பைக் போன பிறகும் நான் வெறுங்கையைக் காதில் வைத்தபடியே நின்றேன். பக்கத்து மெடிக்கல்காரர் ஓடி வந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

அவர் போனிலிருந்தே 100க்கு அடித்தேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ரோந்து வண்டி வந்தது. வந்த காவலர் நிதானமாகக் கேட்டார், வயர்லெஸ்ஸில் சொன்னார். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பேங்குக்கும் அப்போதே பேசி யு.பி.ஐ., கார்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். “ஸ்டேஷன்ல போய் பெட்டிஷன் கொடுத்துடுங்க மேடம்” என்றார் காவலர். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

நான் நடந்து வந்த ரோட்டுக்கு நடுவில் இருக்கும் தடுப்புச் சுவர்தான் இரண்டு ஸ்டேஷன்களுக்கு எல்லையாம். இத்தனை வருஷம் அந்த ரோட்டில் நடந்தும் எனக்கு அது தெரியாது. முதல் ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வியே “எந்தப் பக்கம் நடந்துட்டு இருந்தீங்க?” என்பதுதான். சொன்னேன். “அது அவங்க லிமிட்” என்று இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். அங்கே போனால், “மெடிக்கல் ஷாப் வாசல்னா அந்த ஸ்டேஷன்தான்” என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் பழைய இடத்துக்கு வந்தபோது மணி பத்தரை. “ரைட்டர் கிளம்பிட்டார், காலைல வாங்க.”

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய குற்ற விசாரணை முறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். எல்லைத் தகராறு அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. இரவு பத்தரை மணிக்கு ஒரு பெண் அதற்காக ஆட்டோ பிடித்து அலைய வேண்டியதில்லை. அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு அண்ணனிடம் சொன்னேன். ஒரு வக்கீலிடம் பல வருஷமாகக் குமாஸ்தாவாக இருக்கிறார். “என்ன எழுதச் சொல்றாங்கன்னு பார்த்து எழுதும்மா. ‘பறிச்சாங்க’ங்கிற வார்த்தை இருக்கணும். அதை மட்டும் விட்டுடாத” என்றார். எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை.

மறுநாள் காலை புரிந்தது. ஏட்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, “நான் சொல்லச் சொல்ல எழுதுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்” என்றார். தேதி, பெயர், விலாசம் எல்லாம் எழுதினேன். ‘நான் மேற்படி இடத்தில் நடந்து வந்துகொண்டிருந்தபோது எனது கைபேசி எதிர்பாராத விதமாகத் தவற’ என்பது வரை எழுதியாகிவிட்டது. ‘தவற’வில் பேனா நின்றது.

“சார், தவறவிடலையே. பறிச்சுட்டுப் போனாங்க.”

“அதெல்லாம் ஒண்ணுதாம்மா. சி.எஸ்.ஆர். கொடுத்துடறோம். எஃப்.ஐ.ஆர்.னா நீங்கதான் கோர்ட்டுக்கு அலையணும்.”

ஒன்று இல்லை. சி.எஸ்.ஆர். என்பது புகாரை வாங்கிக்கொண்டதற்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு. தவறிவிட்டது என்றால் குற்றமே நடக்கவில்லை என்று அர்த்தம். குற்றம் இல்லையென்றால் பைக்கைத் தேட வேண்டாம், கேமரா பார்க்க வேண்டாம், அந்த ரோட்டில் வழிப்பறி நடக்கிறது என்று எந்தக் கணக்கிலும் வராது. அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னொரு பெண்ணின் கையிலிருந்து போகும், அதுவும் ‘தவறியதாக’ எழுதப்படும். அந்தப் பாதி வாக்கியத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேறு தாள் கேட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன்: இரண்டு பேர், கறுப்பு பைக், பின்னால் இருந்தவன் பிடுங்கினான். அவர் முகம் சுளித்தார், ஆனாலும் வாங்கிக்கொண்டார். சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து படித்தபோதுதான் கண்ணில் பட்டது. ரசீதில் பொருள் என்ற இடத்தில் ‘செல்போன் காணாமல் போனது சம்பந்தமாக’ என்று இருந்தது. நான் எழுதியது ஒன்று, அவர்கள் பதிந்தது ஒன்று. தயவுசெய்து ரசீதை ஸ்டேஷனிலேயே ஒரு வரி விடாமல் படித்துவிட்டு எழுந்திருங்கள். கொடுக்கும் பெட்டிஷனை ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரசீதைத் திருத்த மறுநாள் போனால் இன்ஸ்பெக்டர் இல்லை. அதற்கடுத்த தடவை சுதந்திர தின பந்தோபஸ்து. எஸ்.ஐ. ஒருவர், “விசாரிச்சுட்டுப் போடறோம்” என்றார். மூன்றிலிருந்து ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் முதற்கட்ட விசாரணை செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்க வேண்டும். அப்படி ஏதும் நடந்ததாக யாரும் சொல்லவில்லை. புதிய சட்டங்கள் அமலுக்கு வந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. “379 போடலாமா பார்க்கறேன்” என்று ஒருவர் திருட்டுக்கான பழைய ஐ.பி.சி. எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தார். ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.ஸில் பறிப்புக்கென்றே 304 என்று தனிப் பிரிவு வந்துவிட்டது. 3 ஆண்டு வரை தண்டனை.

இதற்கு நடுவில் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தேன். மெடிக்கல் ஷாப் கேமராவில் அந்த பைக் பதிவாகியிருந்தது. ஏ.கே. விஸ்வநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்த காலத்தில் ‘மூன்றாவது கண்’ என்று கடை கடையாகக் கேமரா வைக்கச் சொன்னார்களே, அப்போது வைத்ததாம். பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும், சில நாளில் அழிந்துவிடும் என்றார் கடைக்காரர். அன்றைக்கே ஒரு பென் டிரைவ் வாங்கிக் கொடுத்து எடுத்து வைக்கச் சொன்னேன். போலீஸ் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தொலைந்த போன்களை முடக்க அரசு வைத்திருக்கும் சி.இ.ஐ.ஆர். தளத்தில் போனை முடக்குவது சுலபம்தான், இரண்டு இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண் இருந்த அட்டைப் பெட்டியைப் போகிக்கு எரித்துவிட்டோம். கடைசியில் கூகுள் கணக்கில் தொலைந்த போனைத் தேடும் பக்கத்திலேயே அந்த 15 இலக்க எண் இருந்தது, பில் நகலைக் கடையில் கொடுத்தார்கள். அப்புறம் ஓ.டி.பி. டூப்ளிகேட் சிம் போட்டு 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது, மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் விதி அது. தெரியாமல் அரை நாள் காத்திருந்துவிட்டு என் கணவரின் எண்ணைக் கொடுத்து முடித்தேன்.

எஃப்.ஐ.ஆர். மட்டும் நகரவில்லை. எதிர்வீட்டு அண்ணன் சொன்னபடி, பி.என்.எஸ்.எஸ். 173(4) பிரிவின் கீழ் துணை கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன், ஒப்புகை அட்டையோடு. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னதை ஒரு வரி சேர்த்தேன். முதல் நாள் பாதியில் நின்ற அந்தத் தாளின் நகலையும் வைத்தேன்.

ஒப்புகை அட்டை வந்த இரண்டாம் நாள் ஸ்டேஷனிலிருந்து போன். “மேடம், கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா?” இந்த முறை ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தார். எதிரில் உட்கார வைத்து, நான் சொன்னதைச் சொன்னபடியே டைப் செய்தார். திருப்பி வாசித்துக் காட்டினார். ‘பறித்துச் சென்றனர்’ என்ற இடம் வந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்து, “இது சரியா இருக்கா?” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்காமலே கொடுத்தார். அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும், யாராவது ஜெராக்ஸுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பென் டிரைவையும் அவரிடமே ஒப்படைத்தேன்.

நவம்பரில் போன் கிடைத்தது. வெளிமாவட்டத்தில் ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கி சிம் போட்டதும் தகவல் வந்துவிட்டதாம். அவரைப் பிடித்து விசாரித்ததில் விற்றவன் சிக்கினான். வாங்கியவருக்குப் பணம் நஷ்டம், பாவம். பழைய போன் வாங்குகிறவர்கள் கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

போனை வாங்கத்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. “அப்பவே சொன்னோமே” என்றார் அதே ஏட்டு. அலைந்தது உண்மைதான். முதல் தடவை ஸ்டேஷனிலிருந்து ரிப்போர்ட் வரவில்லை, ஒரு நாள் லீவு வீண். இரண்டாம் தடவை பில், ஆதார், எஃப்.ஐ.ஆர். நகல், பிணைப் பத்திரம் எல்லாம் சரியாக இருந்தன. கைப்பற்றிய பொருளை ஸ்டேஷனில் போட்டு வைக்காமல் போட்டோ எடுத்துக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று 2002இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது, வக்கீல் அதைச் சொன்னார். வழக்கு முடியும்வரை போனை விற்கக் கூடாது, கேட்டால் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள்.

திரையில் ஒரு விரிசல். உள்ளே எல்லாம் அழித்திருந்தார்கள், போட்டோக்கள் போனது போனதுதான். சி.இ.ஐ.ஆரில் போய் முடக்கத்தை எடுத்துவிட மறக்காதீர்கள், இல்லையென்றால் அந்த போனில் சிம் வேலை செய்யாது. வழக்கு இன்னும் நடக்கிறது, சாட்சி சொல்ல சம்மன் வரும் என்றார் அந்தப் பெண் எஸ்.ஐ. எஃப்.ஐ.ஆர். நகலையும் பாதியில் நிறுத்திய அந்தத் தாளையும் ஒரே ஃபைலில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.