வாகைக் கிளையின் அடிப்புறம்

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்தபின், அழகர்கோவில் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் வாகைமரத்தின் பட்டுப்போன கிளையொன்றின் அடிப்புறத்தில், பழுப்புச் சாயம் வழிந்து காய்ந்ததுபோல ஒரு படலம் தென்பட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மரத்துக்குச் சொறி பிடிச்சிருச்சு தம்பி, சுரண்டிட்டுச் சுண்ணாம்பு அடிங்க" என்றார்.

ஏணி வைத்து ஏறி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். அது காளான், குடையும் காம்பும் இல்லாமல் கட்டையோடு கட்டையாக ஒட்டிப் படரும் வகை. நடுப்பகுதி காய்ந்த கண்மாய்ச் சேற்றைப்போல நுண்ணிய வெடிப்புகளோடு இருக்க, வளரும் விளிம்பு மட்டும் வெண்மையாக, திரித்த பஞ்சைப் பிரித்தாற்போல இழையிழையாக நீண்டிருந்தது. குடைக்காளானில் குடைக்கு அடியில் ஒளிந்திருக்கும் வித்துப்பரப்பு இதில் வெளியே திறந்து கிடப்பதால், வெயில் நேரே படாத அடிப்புறமே இதற்கு வாகான இடம்.

சுரண்டுவதால் பயனில்லை. கண்ணுக்குத் தெரிவது வித்து பரப்பும் உறுப்பு மட்டுமே. உண்ணும் இழைகள் கட்டைக்குள் ஓடுகின்றன. கிளை நுனியை ஒடித்தபோது, நெட்டிபோல எடையற்று, வெளுத்த நாராகப் பிரிந்தது. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னினையும் சிதைக்க வல்ல வெண்ணிற அழுகலின் அடையாளம் அது. மரநாரின் முதன்மைப் பொருளான செல்லுலோசை உண்டு லிக்னினை விட்டுவைக்கும் பழுப்பு அழுகலாக இருந்திருந்தால், கட்டை கருகியதுபோல் நிறம் மாறிச் சதுரச் சதுரமாக வெடித்திருக்கும்.

லிக்னின் எளிதில் சிதையாத பொருள். அதைச் சிதைக்கும் நொதியொன்றை 1983-இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தது இதே படர்வகைக் காளான்களில் ஒன்றான பெனரோகீட் கிரைசோஸ்போரியத்தில்தான். அதன் மரபணுத்தொகுதி 2004-இல் வெளியானது. சுமார் 40 டிகிரி வெப்பத்தில் செழிப்பது அது. மதுரையின் சித்திரை வெயில் அதற்கு ஒரு பொருட்டாக இராது.

இப்படிப் படரும் காளான்களில் பெரும்பாலானவை செத்த கட்டையை உண்பவை. கிளையைக் கொன்றது காளானன்று, நான்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆள் வைத்து வெட்டியபோது, கிளை பாதியில் முறிந்து பட்டை கிழிய, முழ நீள மொட்டைக் கட்டையை அப்படியே விட்டுவிட்டேன். இம்முறை கீழ்ப்பக்கம் முதலில் ஓர் அறுப்புக் கொடுத்து, கிளை புறப்படும் இடத்துப் புடைப்பைத் தொடாமல் அறுத்தேன்; சுண்ணாம்பு அடிக்கவில்லை.

அறுத்த துண்டு வாகையடி நிழலில், காளான் பக்கம் தரையைப் பார்க்கும்படி கிடக்கிறது.