பூனை சாக்லேட் தின்ற இரவு: உறையைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள்

அன்றிரவு நடந்த முதல் தவறு, சாக்லேட் உறையைக் குப்பைக் குழாயில் தள்ளிவிட்டது. பத்து மாடிக்குக் கீழே போன உறையை மீட்க வழியே இல்லை. அதற்குப் பிறகு தொலைபேசியில் பேசியவர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை விழுக்காடு கோக்கோ?" வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. "டார்க்" என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். கேக்குக்காக 100 கிராம் கறுப்புச் சாக்லேட்டை 50 கிராம் வெண்ணெயோடு உருக்கி ஆற வைத்திருந்த கிண்ணத்தில், 3.8 கிலோ எடையுள்ள பூனை வாய் வைத்துவிட்டது. பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. அதை உணரும் மரபணு பூனை இனத்தில் வேலை செய்வதில்லை என்று 2005ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார்கள். அதை நம்பித்தான் பலரும் மேசைமேல் சாக்லேட்டைத் திறந்து வைக்கிறார்கள். ஆனால் பூனை இனிப்பைத் தேடி வருவதில்லை, கொழுப்பைத் தேடி வருகிறது. வெண்ணெய், கிரீம், ஐஸ்கிரீம் கலந்த சாக்லேட் என்றால் நக்கும்.

கொஞ்சம் தின்றால் ஆபத்தா என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கிடையாது. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினும் காஃபீனும்தான் நஞ்சு. மனித உடல் அவற்றை விரைவாகக் கரைத்து வெளியேற்றிவிடும், நாய் பூனைகளால் அது முடியாது. கணக்கு மூன்று எண்களில் நிற்கிறது: எந்த வகை, எத்தனை கிராம், பூனை எத்தனை கிலோ. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் சேர்ந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாமை தொடங்கும். 40 முதல் 50க்குள் இதயத் துடிப்பு தடுமாறும். 60ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம். இந்த அளவுகள் பெரும்பாலும் நாய்களிடம் பார்த்தவை, பூனைக்கும் மருத்துவர்கள் இவற்றையே வழிகாட்டியாகக் கொள்கிறார்கள்.

ஒரு கிராமில் எவ்வளவு இருக்கும்? வெள்ளைச் சாக்லேட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பால் சாக்லேட்டில் சுமார் 2.3 மில்லிகிராம். 50 விழுக்காட்டை ஒட்டிய கறுப்பில் 5.4, 70 விழுக்காட்டுக்கு மேல் போனால் 8.8. இனிப்பில்லாத சமையல் சாக்லேட்டில் 15க்கு மேல். கோக்கோத்தூளில் 28 வரை. 4 கிலோ பூனைக்கு 20 என்ற வரம்பைத் தொட 80 மில்லிகிராம் வேண்டும். பால் சாக்லேட் என்றால் 35 கிராம் தின்றாக வேண்டும், பூனை பெரும்பாலும் அவ்வளவு தின்னாது. கோக்கோத்தூள் என்றால் குவித்த ஒரு தேக்கரண்டி போதும். ஆகவே பிள்ளை கையிலிருந்த பால் சாக்லேட்டை ஒருமுறை நக்கியதற்கெல்லாம் நள்ளிரவில் டாக்சி பிடிக்க வேண்டாம். மேசையில் சிந்திய கோக்கோத்தூளைப் பாதத்தோடு நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தால் அசட்டையாக இருக்கவும் வேண்டாம். காப்பித்தூளும் இப்படித்தான், அதில் காஃபீன் அதிகம்.

உறை இல்லாதது ஏன் அவ்வளவு இடித்தது என்று இப்போது புரியும். கிண்ணத்தை நல்லவேளையாக யாரும் கழுவவில்லை. சமையல் தராசில் வைத்தபோது 150 கிராம் இருக்க வேண்டிய கலவை 135 இருந்தது. போன 15 கிராமில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 10 கிராம், சாக்லேட். அது 50 விழுக்காட்டு வகை என்றால் கிலோவுக்கு 14 மில்லிகிராம்தான், வீட்டிலேயே வைத்துக் கவனிக்கலாம். 70 என்றால் 23, வரம்பைத் தாண்டிவிட்டது. உறை ஒன்று கையில் இருந்திருந்தால் அந்த நிமிடமே முடிவு தெரிந்திருக்கும். கடைசியில் கைகொடுத்தது பேரங்காடிச் செயலியில் இருந்த பழைய ரசீது. பொருளின் முழுப் பெயரும் "70%" என்ற எழுத்தும் அதில் இருந்தன. அதைத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டதுதான் அன்றிரவு உருப்படியாகச் செய்த முதல் வேலை.

பூனையின் எடை தெரியாவிட்டால் பூனையைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறுங்கள். பிறகு தனியே ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். 100, 200 கிராம் முன்பின் இருந்தால் பரவாயில்லை.

இதற்கிடையில் வீட்டுப் பெரியவர், "கொஞ்சம் பால் ஊத்தும்மா, முறிச்சுடும்" என்று கிண்ணத்தோடு வந்துவிட்டார். நம் வீடுகளில் விஷம் என்றாலே பால்தான் நினைவுக்கு வரும். இந்த நஞ்சைப் பால் முறிக்காது. பல பூனைகளுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகும், அது சாக்லேட்டால் வந்ததா பாலால் வந்ததா என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது அதைவிட மோசம், இரத்தத்தில் உப்பு ஏறி உயிருக்கே வினையாகும். ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கச் சொல்லி இணையத்தில் கிடைக்கும் குறிப்பு நாய்களுக்கானது. பூனையின் வயிற்றையும் உணவுக்குழாயையும் அது புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். தொண்டைக்குள் விரல் விடவும் கூடாது.

அடுத்தது கால்நடை மருத்துவமனை தேடிய கதை. முதலில் அழைத்த இடத்தில் பேசியவர் எடையும் கேட்கவில்லை, வகையும் கேட்கவில்லை. "கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது" என்று வைத்துவிட்டார். அந்தச் சொல்லை நம்பி இருபது நிமிடம் வீணானது. இரண்டாவது இடத்துக்கு நேராகவே போனோம், இணையத்தில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தது. போய் நின்றால் கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே தங்கியிருக்கும் பிராணிகளுக்குத்தான் இரவு முழுக்க ஆள், வெளியிலிருந்து வருபவர்களை ஒன்பதரையோடு எடுப்பதில்லையாம். அதனால் புறப்படும் முன் தொலைபேசியில் இப்படியே கேளுங்கள்: "இப்போது மருத்துவர் இருக்கிறாரா, புதிதாக வரும் பூனையைப் பார்ப்பாரா, வாந்தி எடுக்க வைக்கும் ஊசி இருக்கிறதா?" மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும் கிளம்புங்கள்.

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் பூனையை ஏற்ற முடியாது. செல்லப்பிராணிக்கென்று உள்ள வாடகை கார் சேவையைப் பதிவு செய்வது நல்லது. துண்டில் சுற்றிய பூனையைப் பார்த்து ஒரு டாக்சி நிற்காமலே போய்விட்டது. கூண்டு அலமாரி உச்சியில் இருந்தது, அதை இறக்குவதைப் பார்த்ததுமே பூனை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. முதலில் பூனையைக் குளியலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள், பிறகு கூண்டை எடுங்கள்.

மூன்றாவது இடத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தின்று ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. சாக்லேட் வயிற்றில் ஒட்டிக் கட்டியாகத் தங்கக்கூடியது என்பதால் அப்போதும் வாந்தி எடுக்க வைப்பதில் பயன் உண்டு என்றார் மருத்துவர். நாய்க்குப் போடும் மருந்து பூனையிடம் சரியாக வேலை செய்யாது. மயக்க மருந்து வகையைச் சேர்ந்த வேறோர் ஊசியைச் சிறிய அளவில் போடுகிறார்கள், அதற்கும் எல்லாப் பூனைகளும் வாந்தி எடுப்பதில்லை. எங்கள் பூனை சில நிமிடங்களில் எடுத்தது. தட்டில் விழுந்த பழுப்புக் குழம்பில் வெண்ணெய் மினுமினுப்பும் கோக்கோ வாடையும் தெளிவாக இருந்தன. அதைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. பிறகு மயக்கத்தை இறக்கும் ஊசி, தோலுக்கடியில் திரவம், சில மணி நேரக் கண்காணிப்பு. பணம் கட்டும் இடத்தில் முன்வைப்புத் தொகை கேட்பார்கள், கட்டணத்தின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி வரும். வங்கி அட்டையை மறக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் மூன்று நாள் கண் வைத்திருக்க வேண்டும். முதல் அறிகுறிகள் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தெரியலாம், முழு வேகம் ஆறு முதல் பன்னிரண்டு மணிக்குள் வரும், 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் மார்பில் விரலை வைத்து 15 விநாடி துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குங்கள். வீட்டில் அமைதியாகப் படுத்திருக்கும் பூனைக்கு 120 முதல் 160 வரை இருக்கும். 240ஐ நெருங்கினால் உடனே தொலைபேசியை எடுங்கள். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். தசை துடித்தாலோ உடல் கொதித்தாலோ காத்திருக்கவே கூடாது. இரண்டு மூன்று நாள் கழித்து வாந்தியும் சாப்பாட்டில் வெறுப்பும் வந்தால் கொழுப்பால் கணையம் வீங்கியிருக்கலாம், அதையும் காட்டுங்கள்.

மணல் பெட்டியை இரவும் காலையும் பாருங்கள். இந்த நஞ்சு சிறுநீர்ப்பையிலிருந்தே மறுபடியும் உடலுக்குள் உறிஞ்சப்படக்கூடியது, அதனால் அடிக்கடி சிறுநீர் போவது நல்லது. ஈர உணவில் இரண்டு கரண்டி தண்ணீர் கலந்து கொடுத்தோம். மறுநாள் மணலில் வழக்கமாக இரண்டு இருக்கும் சிறுநீர்க் கட்டிகள் ஐந்தாக இருந்தன. மூன்றாம் நாள் மீண்டும் இரண்டாகின.

சிங்கப்பூர் வெக்கையில் சாக்லேட் எப்போதும் குளிர்பதனப் பெட்டிக்குள்தான் இருக்கும், பூனை அதைத் திறக்காது. ஆபத்து, அதை வெளியே எடுத்து இளக வைக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான். இப்போது உருக்கிய கிண்ணம் நுண்ணலை அடுப்புக்குள் ஆறுகிறது, கதவு மூடியபடி. உறை, கேக் வெந்து முடியும்வரை அடுப்படி ஆணியில் தொங்குகிறது.