பேச்சிப்பாறை ரோட்டுக்கு ஏற்ற போலோ: இரண்டு வருடக் குறிப்பு

38,400 கி.மீ. (வண்டி மீட்டரில்)

2023 ஏப்ரலில் மார்த்தாண்டத்தில் இந்த ஃபோக்ஸ்வேகன் போலோ காரை வாங்கினேன். 2020 மாடல், 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல், சிவப்பு. மூன்று சிலிண்டர், டர்போ, கம்பெனிக் கணக்கில் 110 பிஎஸ் சக்தி, 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 2022-லேயே இந்தியாவில் போலோ நின்றுவிட்டதால், நன்றாகப் பார்த்துக்கொண்ட மேனுவல் வண்டிக்காக இரண்டு மாதம் அலைந்தேன். ஓட்டிப் பார்த்த அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். இரண்டாவது கியரில் 2,000 ஆர்பிஎம் தாண்டும்போது டர்போ தூக்கும் அந்த இழுவை எனக்கு அப்படிப் பிடித்துப்போனது.

வாங்கிய கையோடு குலசேகரத்து அண்ணனிடம் காட்டினேன். பதினைந்து வருடமாகப் பழைய ஸ்விஃப்டைத் தானே கழற்றி மாட்டி வைத்திருப்பவர். போனட்டைத் திறக்கவே இல்லை. குனிந்து சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, ஓடுறத பொறவு பாப்போம். முதல்ல நிக்குமாண்ணு பாரு."

நான் அதைக் கேட்கவில்லை. முதலில் செய்தது 35 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங்.

39,100 கி.மீ.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. வீல் ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவே இருந்த இடைவெளி போய், வண்டி தரையைப் பிடித்து உட்கார்ந்த மாதிரி ஆனது. ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெறும் இடம் என்று ஒன்று கிடையாது. பள்ளிக்கூடம், கோயில், சர்ச், முக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பீடு பிரேக்கர். அதில் பாதிக்குப் பெயிண்ட் இருக்காது. மண்டைக்காட்டிலிருந்து தக்கலை போவதற்குள் முன் பம்பரின் அடி ஆறு இடத்தில் உரசியது. நான்கு பேர் ஏறினால் பள்ளத்தில் ஷாக் அப்சார்பர் முழுவதும் அமுங்கி, கடைசித் தடையான பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும் சத்தம் கேட்டது. பழைய ஷாக்கில் குட்டையான, கெட்டியான ஸ்பிரிங்கை மாட்டினால் அப்படித்தான். அமுங்குவதற்கான தூரம் குறைந்துவிடுகிறது, ஸ்பிரிங் திருப்பி உதைப்பதை அடக்கும் பலமும் அந்த ஷாக்குக்கு இல்லை. வளைவில் பள்ளம் வந்தால் பின்சக்கரம் தத்தியது.

ஐந்து வாரத்தில் கழற்றிவிட்டேன். கழற்றும்போது பார்த்தால், கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடங்களில் ஸ்பிரிங் துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. வீட்டிலிருந்து கடல் அரைக் கிலோமீட்டர்தான். அன்று முதல் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பக்கம் கழுவுவது பழக்கமாகிவிட்டது.

41,700 கி.மீ., பொன்முடி

இந்தக் குறிப்பு எழுதத் தூண்டியதே இந்த நாள்தான்.

கேரளத்துப் பொன்முடி மலைக்கு ஐந்து வண்டிகள் போனோம். அண்ணனின் ஸ்விஃப்ட், இரணியல் தம்பியின் ஐ20 என் லைன், காலேஜில் பாடம் எடுக்கும் டீச்சரின் ஃபிகோ டீசல், களியக்காவிளையிலிருந்து ஒரு பலேனோ, நான். கல்லார் தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சொர்க்கம்: இரண்டாவது, மூன்றாவது, மறுபடி இரண்டாவது. இறங்கும்போது நான் மூன்றாவது கியரிலேயே விட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மட்டும் நம்பி வந்தேன். பாதி தூரத்தில் பெடல் பஞ்சு மாதிரி ஆனது. அடுத்த வளைவில் முன்பைவிட ஒரு விரல் கூடுதலாக உள்ளே போனது. அதற்கடுத்ததில் இன்னும் கீழே. கை நடுங்க, இரண்டாவது கியருக்கு மாற்றி, ஓரமாக அகலம் கிடைத்த இடத்தில் ஹேண்ட் பிரேக்கும் சேர்த்து இழுத்து நிறுத்தினேன். முன்சக்கரத்திலிருந்து கருகிய நெடி.

பின்னால் வந்த டீச்சர் ஹசார்டு போட்டு நிறுத்தி, "பெடலை மிதிச்சுட்டே நிக்காதீங்க, சக்கரத்துக்குக் கல்லு வையுங்க. நாற்பது நிமிஷம் ஆறட்டும்" என்றார். ஆறியது. மீதி மலையை இரண்டாவது கியரில், எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கினேன்.

காரணம் பிறகு தெரிந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். காலால் மிதிப்பது ஆயிலை அழுத்தாமல் அந்தக் குமிழை அழுத்தும். என் வண்டியில் வாங்கியபோது இருந்த ஆயில்தான் ஓடிக்கொண்டிருந்தது, டீ டிகாஷன் நிறத்தில்.

42,000 – 44,500 கி.மீ.

புது டாட் 4 ஆயில், முன்பக்கத்துக்கு வெப்பம் தாங்கும் பேடு. பின்பக்க ட்ரம்மைத் திறந்து சுத்தம் செய்து ஷூ மட்டும் மாற்றினேன். மொத்தச் செலவு, ஸ்பிரிங்குக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

அடுத்து டயர். 195/55 ஆர்16 இருந்த இடத்தில் 205/55 ஆர்16. வெளி விட்டம் சுமார் 621 மில்லிமீட்டரிலிருந்து 632 ஆகிறது, அதாவது 1.8 சதவீதம் கூடுதல். அதே மீட்டர் முள்ளுக்கு வண்டி கொஞ்சம் வேகமாகப் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் தரையிலிருந்து உயரம் கிடைத்தது நமக்கு லாபம். ஈரத்தில் பிடிக்கும் ரப்பராகத் தேர்ந்தெடுத்தேன். வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கும் மாவட்டத்தில் காய்ந்த தரைக்கென்று டயர் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம் கம்பெனி ஸ்பிரிங்கோடு கேஸ் நிரப்பிய கெட்டியான ஷாக் நான்கு. வண்டி குள்ளமாகவில்லை, ஆனால் சாய்வது குறைந்தது. முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஆனி, ஆடிக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது முன்பெல்லாம் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பேன். இப்போது ஸ்டீயரிங் அமைதியாக இருக்கிறது.

46,200 கி.மீ., ரீமேப்

இதற்குப் பிறகுதான் எஞ்சினைத் தொட்டேன். ஸ்டேஜ் 1 மட்டும்: லேப்டாப் வழியாக, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்), எரிபொருள், இக்னிஷன் கணக்கை மாற்றுவது. ட்யூனர் சொன்ன கணக்கு சுமார் 135 பிஎஸ், 220 நியூட்டன் மீட்டர். 95 ஆக்டேன் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். அதைவிடக் குறைந்த ஆக்டேன் போட்டால், எரிபொருள் தானாக வெடித்து எஞ்சின் தட்டாமலிருக்க (நாக்) இசியூவே இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளும், ரீமேப் செய்ததில் பாதி வீணாகும்.

மூன்றாம் நாள், ஐந்தாவது கியரில் மிதித்ததும் வண்டி திக்கியது. எஞ்சின் கோளாறைக் காட்டும் இபிசி விளக்கு எரிந்தது, வேகம் ஏறவில்லை. ரீமேப் ஃபைலில்தான் பிழை என்று நினைத்தேன். பிழை என்னுடையது, ஸ்பார்க் பிளக் பழையது. பூஸ்ட் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அதற்குள் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கில் பொறி அணைந்துவிடும். புது பிளக்குகளை இடைவெளி குறைத்துப் போட்டதும் திக்கல் போனது. காவல்கிணறு தாண்டிய நாற்கரச் சாலையில் மூன்றாவது கியரில் 40-லிருந்து 80-க்கு முன்பு ஆறு விநாடி ஆனது, இப்போது ஐந்துக்குள்.

சைலன்சரைத் தொடவில்லை. விடியற்காலை வீடுகளுக்கு நடுவே போகிறோம், அந்தச் சத்தம் யாருக்கும் வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ரீமேப்பையும் ஷாக்கையும் இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்தேன். மறைத்து வைத்தால் விபத்து நாளில் கிளெய்ம் நின்றுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஐந்தே கால், தக்கலை. குலசேகரம், திற்பரப்பு, அங்கிருந்து பேச்சிப்பாறை. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் அந்த ரோட்டை எந்த மலை ரோட்டுக்கும் மாற்றித் தரமாட்டேன். வளைவுக்குள் வளைவு, அகலம் ஒன்றரை வண்டி, மேலே கிளைகள் மூடிய நிழல். தை, மாசியில் இலை உதிர்ந்து கிடக்கும். அதன் மேல் பனி விழுந்தால் ஏபிஎஸ் காலடியில் துடிப்பதை உணரலாம். அந்த நேரத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார்கள். ஆகவே எங்களுக்குள் ஓவர்டேக் கிடையாது, முன் வண்டிக்கும் நமக்கும் ஒரு வளைவு தூரம் இருக்க வேண்டும், ஆளைக் கண்டால் முதல் வண்டி இண்டிகேட்டர் போட்டுப் பின்னால் வருபவர்களுக்குச் சொல்ல வேண்டும். இதில் அண்ணன் கண்டிப்பு. ஒருமுறை மீறிய ஒருவரை அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை.

அணைப் பக்கம் நிறுத்திக் கட்டன் சாயாவும் ஏத்தன்பழ பஜ்ஜியும். ஐந்து போனட்டும் திறந்திருக்கும். டீச்சரின் ஃபிகோவுக்கு டர்போ ஹோஸில் கசிவு இருப்பதை அங்கேதான் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கண்டுபிடித்தோம்.

57,900 கி.மீ.

போன மாதம் மறுபடி பொன்முடி. இறங்கும்போது இரண்டாவது கியர், வளைவுக்கு முன் ஒரே அழுத்து, உடனே விடுவது. கல்லாரில் நிறுத்திப் பெடலை மிதித்துப் பார்த்தேன். காலையில் வீட்டில் மிதித்த அதே உயரத்தில் நின்றது. அண்ணன் வந்து சக்கரத்துப் பக்கம் கையை நீட்டிச் சூடு பார்த்தார், பிறகு தன் ஸ்விஃப்ட் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போலோவில் ஏறி உட்கார்ந்தார். மார்த்தாண்டம் வரை அவர்தான் ஓட்டினார்.